வாடகை வீடும் அறமும்

பணம் கொடுத்தோம், வீடு கிடைத்தது. அத்துடன் கணக்குத் தீர்ந்துவிடுமா?

என் பழைய மாணவன் ஒருவன் மேற்படிப்புக்காக, அமெரிக்கத் தென்மாநிலமான ஜார்ஜியாவிலுள்ள ஏதென்ஸ் நகரில் வாடகை வீடு தேடினான். பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வாழும் நகர் அது. ஆகஸ்டில் குடிபுகும் வீட்டுக்கு முந்திய ஆண்டே ஒப்பந்தம் செய்வோர் பலர். நான்கு மாணவர் பங்கிட்டுத் தரும் வாடகையை ஒரு தொழிலாளியின் குடும்பம் தர இயலுமா? வீட்டுக்காரர் மாணவரையே விரும்புகிறார். சட்டப்படி அது குற்றமன்று.

ஆனால், சட்டம் இடங்கொடுப்பதெல்லாம் அறமாகிவிடுவதில்லை. அந்நகரின் லின்னென்டவுன் பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் ஏறத்தாழ 50 வாழ்ந்தன. பலர் சொந்த வீட்டினர். 1960களில் நகர்ப் புதுப்பிப்பின் பெயரால் அவ்வீடுகள் இடிக்கப்பட்டன. அம்மண்ணில் மாணவர் விடுதிகள் எழுந்தன. நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் நாடு தழுவிய சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் அம்மக்கள் சிதறிப்போயினர். நகர நிர்வாகம் அத்தவற்றை முறையாக ஒப்புக்கொண்டது 2021இல்!

“இந்தியருக்கு வீடில்லை” என்னும் விளம்பரங்களைக் கண்டு இங்கே நாம் குமுறியிருக்கிறோம். நம் கையில் பணமிருந்து, பிறர் விலகிக்கொள்ள நேரும்போது அக்குமுறல் எங்கே போகிறது?

“நான் யாரையும் விரட்டவில்லையே, ஐயா” என்று எழுதினான் மாணவன். உண்மைதான். தனக்குக் கிடைத்த வீட்டில் அதற்குமுன் ஒரு குடும்பம் பல்லாண்டு இருந்ததாகவும் எழுதியிருந்தான். வாடகை உயர்ந்ததும் அவர்கள் எங்கே சென்றனர் என்று கேட்டு மறுமடல் விடுத்துள்ளேன்.