வீட்டில் எல்லோரும் தூக்கக்கூடிய பாரம்

ஒரு வீட்டில் ஒரே ஒருவரால் மட்டும் செய்யக்கூடிய வேலைகள் எத்தனை இருக்கலாம்? வரிப்பத்திரம் நிரப்புவது, வங்கிக் கணக்குப் பார்ப்பது, மீன்குழம்பு வைப்பது என்று பலதைச் சொல்லலாம். இவையெல்லாம் கைமாற்றக்கூடியவை. ஒரு மாலை அருகில் இருத்திச் சொல்லிக்கொடுத்தால் மற்றவர் பிடித்துக்கொள்வார். ஆனால் உடல்பலம் காரணமாக ஒருவரிடம் மாட்டிக்கொண்ட வேலையைச் சொல்லிக்கொடுத்துக் கைமாற்ற முடியாது. செய்முறை முழுவதும் தெரிந்திருந்தும் மற்றவர் கைகட்டி நிற்கத்தான் வேண்டும். சில ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்திருக்கும் கவலை இது. அதைக் கிளப்பிவிட்டது ஓர் இரும்புப் பிடி.

நாங்கள் இருப்பது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், ஜோர்ஜியன் குடாவை அண்டிய நாட்டுப்புறத்தில். குளிர்காலத்தின் முற்பகுதியில் குடாவின் நீர் இன்னும் உறையாமல் இருக்கும்போது வடமேற்குக் காற்று அதன் மேலாக வரும். நீரின் சூட்டையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு கரையேறும். ஏறிய இடத்திலேயே பனியாகக் கொட்டும். ரொறன்ரோவில் வெயில் எறிக்கிற நாளில் இங்கே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடப்பதுண்டு. வீட்டு வாசலிலிருந்து தெருவரைக்கும் நீண்ட சரளைப் பாதை. அதன் வாயில் தெருப்பனியைத் தள்ளும் பெரிய வண்டி விட்டுப்போகும் வரம்பு வேறு; உப்பும் சேறும் கலந்து இறுகிய கட்டி அது. சவளால் அள்ளி முடிகிற காரியமில்லை.

ஆகவே கோடையில் புல் வெட்டுகிற அதே தோட்ட டிராக்டரின் முன்னால், குளிர்காலத்தில் ஸ்னோ புளோவரை மாட்டுவோம். முன்வாயில் சுழலும் இரும்புத் திருகு பனியைக் கடித்து நடுவுக்குக் கொண்டுவரும். பின்னாலுள்ள விசிறி அதை வளைகுழாய் வழியாகத் தூர எறியும். நாற்பத்திரண்டு அங்குல அகலமுள்ள இந்த வகைக் கருவி ஒன்று ஏறத்தாழ நூறு கிலோ எடையிருக்கும். அவ்வளவும் டிராக்டரின் முன் சில்லுகளுக்கும் அப்பால் தொங்குகிறது. பெரிய டிராக்டர்களில் ஹைட்ரோலிக் எண்ணெய் இதைத் தூக்கிவிடும். சிறியவற்றில் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட பிடி இருக்கும். அதன் தலையிலுள்ள பொத்தானை அமுக்கி, பின்னோக்கி இழுத்துத்தான் தூக்க வேண்டும்.

ஒருமுறை தூக்கினால் தீர்ந்துவிடும் வேலையும் இல்லை. ஒவ்வொரு தடவை பின்னுக்கு எடுக்கும்போதும் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியிலுள்ள சுரண்டு தகடு சரளையில் கொழுவும். மேடு வந்தால் சற்றே உயர்த்த வேண்டும். வரம்பை உடைக்கும்போது மேல் அடுக்கை முதலில், அடி அடுக்கைப் பிறகு என்று இரண்டு தட்டாக எடுக்க வேண்டும். ஒரு காலைப் பொழுதில் அந்தப் பிடி பலதடவை மேலும் கீழும் போய்வரும். இருந்த நிலையில், இடுப்பைச் சற்றே திருப்பி, ஒற்றைக் கையால் இழுப்பது அது. நாரிக்கு இதைவிடக் கெட்ட நிலை வேறில்லை.

எவ்வளவு பாரம் இழுக்கிறேன் என்று ஒருநாள் அளந்து பார்த்தேன். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் கையடக்கத் தராசு இல்லாத தமிழ் வீடு இங்கே அரிது. அதன் கொளுக்கியைப் பிடியில் மாட்டி இழுத்தேன். கருவி நிலத்தை விட்டு எழும்பும் கணத்தில் முப்பது கிலோவைத் தாண்டியது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1991இல் திருத்தி வகுத்த தூக்குதல் சூத்திரம், எல்லாம் சாதகமாக இருக்கும்போது, இரு கைகளால், உடம்பைத் திருப்பாமல் தூக்குவதற்கே 23 கிலோவை எல்லையாக வைக்கிறது.

இழுக்க என்னால் முடிந்தது என்பது உண்மை. முடிகிற காலம்வரை இதைப் பற்றி யோசிக்க யாருக்கும் தோன்றாது. எங்கள் வீட்டில் முதலில் யோசித்தவர் என் மனைவி. இருக்கையில் ஏறி இருந்து, பொத்தானை அமுக்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். பிடி பாதி வழியில் நின்றுவிட்டது. இறங்கி வந்து, "இஞ்சாருங்கோ, நீங்கள் வீட்டில இல்லாத நேரம் ஒரு அம்புலன்ஸ் வரவேணுமெண்டால் ஆர் இந்தப் பனியை எடுக்கிறது?" என்று கேட்டார். டிராக்டர் ஓட்டுவதில் என்னைவிடக் கவனமானவர் அவர். பாதையின் ஒவ்வொரு கல்லும் அவருக்குத் தெரியும். அந்த இயந்திரத்துக்கும் அவருக்கும் இடையில் நின்றது பத்துப் பதினைந்து கிலோ மட்டுமே.

கொஞ்சத் தூரத்தில் வசிக்கும் எங்கள் நண்பர் ஒருவருக்கு முந்திய குளிர்காலத்தில் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். பல வாரங்களுக்குப் பாரம் தூக்கக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. அவருடைய டிராக்டர் கராஜுக்குள் பெற்றோல் நிரப்பியபடி, சாவி போட்டால் உடனே கிளம்பும் நிலையில் நின்றது. வீட்டில் வளர்ந்த பிள்ளைகளும் மனைவியும் இருந்தார்கள். பிடியை இழுக்க ஒருவராலும் முடியவில்லை. பனி பெய்த ஒவ்வொரு நாளும் கூலிக்கு ஆள் பிடித்தார்கள், அந்த ஆளோ தன் பட்டியலில் கடைசி வீடாகத்தான் அங்கே வந்தார். நண்பர் யன்னலோரம் இருந்து புழுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வாரமே இறங்கிப் போய் இழுக்கப் பார்த்தவரைப் பிள்ளைகள்தான் தடுத்தார்கள்.

அவர் இழுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல எனக்கு அறிவில்லை. ஆனால் பனிக்கும் ஆண்களின் உடம்புக்கும் உள்ள தொடர்பைக் கியூபெக் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1981 முதல் 2014 வரையிலான குளிர்காலப் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் கனேடிய மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள். இருபது சென்டிமீற்றர் பனி பெய்த மறுநாள், ஆண்கள் மாரடைப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 16 சதவீதம் கூடியிருந்தது. பெண்களிடம் அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. பனி அள்ளுவது ஆண்களின் வேலையாக இருப்பது இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் ஊகம். எனக்கு அது ஊகமாகத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் விடியப்புறம் சவளோடு நிற்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியும்.

பாரத்தைக் குறைக்க வழிகள் பல உண்டு. பிடியை நீட்டலாம். நீட்டிய அளவுக்கு இழுவை குறையும், ஆனால் கை போகவேண்டிய தூரமும் அதே அளவுக்குக் கூடும். இருந்த இடத்திலிருந்து அவ்வளவு தூரம் எட்டாது. பன்னிரண்டு வோல்ட்டில் இயங்கும் மின்தூக்கி பூட்டலாம். கடுங்குளிரில் பற்றரியே சோர்ந்துபோகிற ஊரில் எனக்கு அதில் மனம் போகவில்லை. காரின் பின்கதவைத் தாங்குகிற வாயுத் தண்டுகளும் குளிருக்கு அடங்கிப்போகும். இருபது பாகை வெப்பத்திலிருந்து கழித்தல் இருபதுக்கு இறங்கினால் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். உருக்குக் கம்பியில் சுருட்டிய ஸ்பிரிங்குக்கு அந்தக் குளிர் பொருட்டே இல்லை. அதனால் ஸ்பிரிங்கையே எடுத்தேன். பிடியோடு இணைந்த தூக்குத் தண்டின் கையில் அதன் ஒரு முனையையும், டிராக்டரின் சட்டத்தில் மறுமுனையையும் கொழுவி, இழுவையைக் கூட்டிக் குறைக்க ஒரு நீண்ட மரையாணி வைத்தால் போதும்.

இதன் வேலைசெய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கருவி கீழே இறங்கும்போது தன் பாரத்தாலேயே ஸ்பிரிங்கை இழுத்துவிடுகிறது. இழுபட்ட ஸ்பிரிங் அந்தச் சக்தியைச் சேமித்து வைத்திருந்து, தூக்கும்போது திருப்பித் தருகிறது. எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு விசை என்று றொபர்ட் ஹூக் 1678இல் எழுதி வைத்த விதி இது. கருவி நிலத்தில் கிடக்கும்போது, அதாவது கைக்கு அதிக உதவி தேவைப்படும் அந்த முதல் கணத்தில், ஸ்பிரிங்கின் விசை உச்சத்தில் இருக்கும். மேலே போகப் போகக் குறையும். அந்தக் குறைவு கையில் தட்டாமலிருக்க, கட்டையான தடித்த ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, நீளமான மெல்லியதை முன்கூட்டியே நன்றாக இழுத்துப் பூட்ட வேண்டும். இங்கிலாந்தில் கார்களுக்கு அதிர்வுதாங்கி வடிவமைத்த ஜோர்ஜ் கார்வர்டைன், எந்த நிலையிலும் பாரத்தைச் சமன்செய்து நிறுத்தும் ஸ்பிரிங் அமைப்புக்கு 1932இல் காப்புரிமை கேட்டார். அதிலிருந்துதான் தொட்ட இடத்தில் நிற்கும் ஆங்கிள்போய்ஸ் மேசைவிளக்கு வந்தது.

மரையாணியை முறுக்கிக்கொண்டே போனால் பிடியை ஒரு விரலால் இழுக்கலாம் என்ற நிலைகூட வரும். அங்கே போகக்கூடாது. சுரண்டு தகடு பனியை நிலத்தோடு வழித்தெடுப்பது கருவியின் பாரத்தால்தான். அந்தப் பாரம் முழுவதையும் ஸ்பிரிங் வாங்கிக்கொண்டால், முன்வாய் இறுகிய பனியின் மேல் ஏறி மிதக்கும். பின்னால் வழுக்கும் ஒரு படலத்தை விட்டுச் செல்லும். பிடியின் இழுவை பன்னிரண்டு கிலோவுக்கு இறங்கியதும் நான் நிறுத்தினேன். அந்த அளவில் தகடு நிலத்தைப் பிடித்தது, மனைவியின் கையும் பிடியை முழுவதும் இழுத்தது. பின்சில்லுகள் சறுக்காமலிருக்க அவற்றுக்குச் சங்கிலியும், பின்பக்கத்தில் கொஞ்ச எடையும் வேண்டும். அது ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இப்படிப் பாரத்தைச் சமன்செய்வது புதிதில்லை. தோட்டக் கிணற்றில் ஆடுகாலுக்கு மேல் கிடக்கும் நீண்ட மரமான துலாவை ஆண்கள் ஏறி மிதித்தார்கள். ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, மற்றவர் கீழே நின்று பட்டையைப் பிடித்து இறைப்பார். பலமுள்ள ஆட்கள் சேர்ந்து செய்யும் வேலை. வீட்டுக் கிணற்றுத் துலா வேறு மாதிரி. அதன் அடிப்பக்கத்தில் கல்லோ கட்டையோ கட்டியிருக்கும். கொடியைக் கீழே இழுக்கும்போது தன் உடல்பாரத்தை ஒருவர் பயன்படுத்தலாம். நிறைந்த வாளியை மேலே கொண்டுவருவதில் பெரும்பங்கை அந்தக் கல் செய்யும். எங்கள் அம்மம்மாவுக்கு ஏற்றபடி கல் கட்டியிருந்த துலாவில் பிள்ளைகள் நாங்களும் அள்ளிக் குளித்தோம். பாரத்தின் அளவை அந்த வீட்டில் தீர்மானித்தது தினமும் தண்ணீர் அள்ளிய அவருடைய கை.

அந்த நியாயம் இங்கே எங்கள் வீடுகளுக்குள் வந்துசேரவில்லை. கராஜில் இருப்பதெல்லாம் ஆணின் உயரத்துக்கும் கைக்கும் என்று விட்டுவிட்டோம். இழுக்க முடிகிறது என்பதில் ஆண்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. குடும்பத்துக்காகத் தோளைக் கொடுப்பது நல்ல பெருமைதான். அந்தத் தோள் படுக்கையில் விழுந்தால் வீடே முடங்கிப்போகும் ஏற்பாட்டை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

சுகம் தேடினால் உடம்பு கெட்டுப்போகும் என்று சொல்வார்கள். நடப்பதும் குனிவதும் நிமிர்வதும் உடம்புக்கு நல்லது, படிகளை இன்றும் நான் சவளால்தான் துப்பரவாக்குகிறேன். திரும்பிய இடுப்போடு முப்பது கிலோவைத் திரும்பத் திரும்பச் சுண்டி இழுப்பது அந்தக் கணக்கில் வராது. கூலிக்கு விட்டால் என்ன என்பார்கள். முடியாதவர்கள் விடட்டும். முடிகிறவர்கள் தம் பாதையைத் தாமே திறந்துகொள்வதில் ஒரு நிம்மதி உண்டு. புயல் இரவில் எந்தக் கூலியாளும் முதலில் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை.

பனி அகற்றும் பாரத்தை இயந்திரத்திடம் கொடுக்கும் முயற்சி கனடாவில் பழையது. ரயில் பாதைக்கான சுழல் பனிக்கலப்பைக்கு 1869இல் காப்புரிமை பெற்றவர் ரொறன்ரோவில் இருந்த எலியட் என்ற பல்வைத்தியர். வீதிக்கான ஸ்னோ புளோவரைக் கியூபெக்கின் ஆர்தர் சிகார் 1925இல் செய்து, 1927இல் மொன்றியலை ஒட்டிய ஊற்றமோன்ற் நகரத்துக்கு விற்றார். மனிதர் தோளிலிருந்து இறக்கிய அந்தப் பாரத்தின் கடைசி மிச்சம் இந்தக் கைப்பிடியில் தங்கிவிட்டது.

ஸ்பிரிங் பூட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கருவியை முழுவதும் உயர்த்தி, பிடி பூட்டிக்கொண்டதை உறுதிசெய்து, அடியில் மரக்கட்டை கொடுத்த பிறகே ஸ்பிரிங்கை மாட்டுங்கள், கழற்றுங்கள். இழுவை குறைவாக இருக்கும் நிலை அதுதான். வசந்தத்தில் கருவியைக் கழற்றும்போது முதலில் ஸ்பிரிங்கை விடுவியுங்கள். பாரமில்லாத பிடியை இழுபட்ட ஸ்பிரிங் சுண்டிவிட்டால் கை முறியும். ஒக்டோபரில், பனி வருவதற்கு முன், வீட்டிலுள்ள வளர்ந்தவர்கள் ஒவ்வொருவரையும் இருக்கையில் இருத்தி அந்தப் பிடியை இழுக்கச் சொல்லுங்கள். ஒருவரால் முடியாவிட்டாலும் அவர் கைக்கு ஏற்றபடி ஸ்பிரிங்கைப் பூட்டிவிடுங்கள்.