விதையும் விதியும்

செம்பனைப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் பருப்பைச் சுற்றிய ஓடு தெரியும். ஓடு தடிப்பா மெல்லியதா என்பதைத் தீர்மானிப்பது ஒரே மரபணு. மலேசிய, அமெரிக்க ஆய்வாளர்கள் 2013இல் அதை அடையாளம் கண்டனர். ஜொகூரின் யோங் பெங் தோட்டங்களில் இது பயிர்ச் செய்தி. மனிதருக்கு நீட்டினாலோ பழைய வினைக் கேள்வி எழுகிறது: பிறப்பே விதியா?

பிறப்பில் எல்லா உயிரும் ஒன்றே என்ற வள்ளுவர்தான் ‘ஊழ்’ அதிகாரத்தையும் எழுதினார். முரண் போலத் தோன்றும். தோட்டத்துப் பிள்ளைக்கு இரண்டும் புரியும். மனிதர்களின் டிஎன்ஏ ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றுதான். ஆனால் பொறியியல் கல்விக்குக் குறுக்கே நிற்கும் ஓடு வருமானம், தூரம், ஒதுக்கீடு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசு மெட்ரிகுலேஷனில் பூமிபுத்திரா அல்லாதோருக்கு 10 விழுக்காடே இடம். 2024இல்தான் எஸ்பிஎம் தேர்வில் பத்து ‘ஏ’ பெற்றோருக்கு இனம் பாராமல் கதவு திறந்தது. தூரமோ எப்போதும் பெரிதல்ல: துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கும் பாரிட் ராஜாவும் யோங் பெங்கும் ஒரே பத்து பஹாட் மாவட்டம்.