பிசினும் பற்றும்

பற்று என்னும் சொல் தமிழில் பல பணிகளைச் செய்கிறது. தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் இடுவது பற்று. கடைக்காரர் தம் ஏட்டில் நம் பெயரின்கீழ்க் குறித்து வைப்பதும் பற்று. பொற்கொல்லர் இரு துண்டுகளை இணைக்க இடையில் உருக்கி விடுவது பற்றாசு. தாய்மொழியின்மேல் வைக்கச் சொல்வதும் பற்றுத்தான். துறவு நூல்கள் விடச் சொல்வதும் அதே பற்றுத்தான். ஒட்டுதலையும் கடனையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழியில் பிறந்த நமக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. பிரிக்கவே இயலாதபடி ஒட்டிக்கொண்டதுதான் உண்மைப் பற்றா? வேண்டும்போது நெகிழ்ந்து கொடுப்பது பற்று ஆகாதா?

இவ்வினாவை நாம் அறநூல்களில் கண்டெடுக்கவில்லை. அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் நீர்வண்ண ஓவியம் பழகி, அதில் ஒரு படத்தைக் கெடுத்துக்கொண்டபோதுதான் இது நம்மைப் பற்றிக்கொண்டது.

நீர்வண்ணம் என்கிறோம். பெயரில் நீர் இருக்கிறது, வண்ணமும் இருக்கிறது. அவ்விரண்டையும் தாளில் நிறுத்தி வைக்கும் பொருளுக்கோ பெயரில் இடமில்லை. நீர் சற்று நேரத்தில் உலர்ந்து போய்விடும். வண்ணம் என்பது அரைத்த கல், மண், புகைக்கரி ஆகியவற்றின் தூள். வெறும் நீரில் குழைத்துப் பூசினால், உலர்ந்தபின் விரலோடு வந்துவிடும். தூளைத் தாளோடு நிறுத்துவது வேல மரத்தின் பிசின். நம் பிள்ளைகளின் வண்ணப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு வில்லையிலும் இதுவோ, இதனை ஒத்த வேறொன்றோ கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே அதன் தொழில் என்றுகூடச் சொல்லலாம்.

அரபுப் பிசின் என்று உலகம் அதனை அழைக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி விளைவது அரபு நாட்டில் அன்று. சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரமாக ஆப்பிரிக்காவின் குறுக்கே செல்லும் வறண்ட நிலப்பட்டையில்தான். அதிலும் சூடான் நாட்டின் கொர்டோபான் பகுதியின் பிசினுக்குப் பெயர் அதிகம். அரபு வணிகர்களும் துறைமுகங்களும் அதனை ஐரோப்பாவுக்கு அனுப்பியமையால், பிறந்த மண்ணின் பெயர் போய், வழியில் தங்கிய இடத்தின் பெயர் நிலைத்துவிட்டது. (விந்தியத்துக்கு வடக்கே வந்த நாளிலிருந்து ‘மதராசி’ என்று அழைக்கப்பட்ட நம்மவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.) அம்மரம் நம் நாட்டிற்கும் அயலன்று. இராசத்தானத்தின் மேற்குப் பகுதியில் அதே மரம் ‘குமட்’ என்னும் பெயரில் வளர்கிறது. அங்குள்ள சிற்றோவியக் கலைஞர்கள் அதன் உறவான கருவேலத்தின் பிசினைக் கல்வண்ணத்தோடு கலந்து தீட்டி வந்திருக்கின்றனர். குளிர்காலத்தில் அண்டை வீட்டார் நமக்குத் தரும் கோந்து லட்டில் இருப்பதும் இவ்வகை மரப்பிசினே.

மரம் இதனை எப்போது தருகிறது என்பது நோக்கத்தக்கது. மழைக்காலம் முடிந்து இலையுதிரும் பருவத்தில், மரத்தின் பட்டையை ஒரு கீற்றாக உரித்து விடுகிறார்கள். சில வாரங்களில் அப்புண்ணின் மேல் கண்ணீர்த் துளி போலப் பிசின் திரண்டு நிற்கும். நீர் வளத்தோடு செழித்து நிற்கும் மரம் அவ்வளவாகத் தருவதில்லை. வறட்சியும் காயமும் சேர்ந்த இடத்தில்தான் அது மிகுதியாகச் சுரக்கிறது. துன்பமே மேன்மை தரும் என்று இதிலிருந்து ஒரு பாடம் எடுக்க நமக்கு மனமில்லை. அது மரத்தைக் கேளாமல் பேசும் பேச்சு. அது தன் புண்ணை மூடுவதற்குச் சுரந்தது நம் படத்தைப் பிடித்து வைக்கிறது என்பதை மட்டும் மறவாதிருந்தால் போதும்.

பிசின்கள் எல்லாம் ஒரு தன்மையின அல்ல. நம் வீடுகளில் கோடையில் ஊறவைக்கும் பாதாம் பிசினைப் பாருங்கள். ஒரு சிட்டிகை போட்டால் விடிவதற்குள் கிண்ணம் நிறைய ஊதிப் பெருகி நிற்கும், ஆனால் கரையாது. வேலம் பிசினோ ஊதுவதில்லை; நீரில் முழுவதும் கரைந்து, தேன் போன்ற தெளிவான நீர்மமாகிவிடும். ஒரு பங்கு பிசினுக்கு இரு பங்கு நீர் விட்டு, இரவு முழுவதும் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் ஓவியர்க்கு வேண்டிய பிசின்நீர் ஆயத்தம். பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு துளி கிராம்பு எண்ணெய் விடுவது பழைய வழக்கம்.

இதனைத் தூரிகை தோய்க்கும் நீரில் சில துளி சேர்த்துக்கொண்டால் வண்ணம் சற்று ஒளி பெறும். ஈரத்தில் தாறுமாறாக ஓடாமல் வைத்த இடத்தருகே நிற்கும். உலர்ந்தபின் ஈரத் தூரிகையால் தொட்டு எடுக்கவும் எளிதாக இருக்கும். இவ்வளவும் சில துளிகளுக்கு உரிய பயன். நாமோ ஆசையால் அளவை மறந்தோம். நீர்வண்ணப் படம் எண்ணெய் வண்ணம் போல் மின்ன வேண்டும் என்று, மாலை நேரத்து ஆற்றங்கரை ஒன்றைப் பிசின் மிகுத்துத் தீட்டினோம். சுவரில் இருந்தவரை பார்த்தவர் யாவரும் பாராட்டினர். பின்னர் மாற்றல் உத்தரவு வந்தது. மற்றப் பொருள்களோடு அப்படத்தையும் சுருட்டிக் கட்டி இரயிலில் ஏற்றினோம். புதிய ஊரில் பிரித்தபோது ஆற்றின் நீலம் வெடித்துச் செதில் செதிலாகச் சுருளுக்குள் உதிர்ந்து கிடந்தது. பிசின் குறைந்தால் வண்ணம் தூளாகும். மிகுந்தால் அதுவே இறுகி, வளைய மாட்டாமல் உடையும். மின்ன வேண்டும் என்று நாம் சேர்த்ததே படத்தை உடைத்தது.

எண்ணெய் வண்ணத்தின் நெறி வேறு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று இறுகிவிட்டால், பிறகு அது பழைய எண்ணெயாகத் திரும்புவதில்லை. நீர்வண்ணமோ, நீர் ஆவியாகப் போனதால் மட்டும் உலர்ந்து நிற்கிறது. ஆண்டுகள் பல கழிந்தும் ஓர் ஈரத் தூரிகை பட்டால் பிசின் நெகிழ்ந்து கொடுக்கும். நிறம் மேலே எழும். இதனைக் குறை என்று கருதுவோர் உளர். நாமும் நெடுங்காலம் அப்படித்தான் கருதினோம். ஒரு துளி நீருக்கே விட்டுக்கொடுப்பது என்ன பற்று என்று எண்ணினோம்.

இவ்வெண்ணத்தை முதலில் அசைத்தவர்கள் பழஞ்சுவடிகளையும் பழைய தாள்களையும் பேணிக் காக்கும் துறையினர். கிழிந்த தாளை ஒட்டும்போது அவர்கள் பெரிதும் நாடுவது கோதுமை மாவுப்பசை போன்ற, பின்னால் நீர் கொண்டு கழற்றத்தக்க பசையைத்தான். நமக்குப் பின் வருபவர் நம்மினும் தெளிவாக அறியக்கூடும். நாம் ஒட்டியதைப் பிரித்துச் சரியாக ஒட்ட அவர்க்கு வழி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. கழற்றவே முடியாதபடி ஒட்டுவதை அவர்கள் வலிமையாகக் கொள்வதில்லை. பின்வருவோரின் உரிமையைப் பறிப்பதாகவே கொள்கின்றனர்.

இரண்டாவதாக அசைத்தது வங்கத்து ஓவிய முறை. 1903ஆம் ஆண்டு யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் ஜப்பானிய ஓவியர் இருவர் அன்றைய கல்கத்தாவுக்கு வந்தனர். தைகான் அகன்ற தூரிகையால் படத்தின்மேல் நீர் பூசுவதைக் கண்ட அவனீந்திரநாத் தாகூர், ஒரு படி மேலே சென்று, தீட்டிய தாளையே நீரில் அமிழ்த்தத் தலைப்பட்டார். தீட்டுவது, உலர்த்துவது, அமிழ்த்துவது, மீண்டும் தீட்டுவது என்று அது தொடரும். 1905இல் அவர் தீட்டிய ‘பாரத மாதா’ படத்தைச் சூழ்ந்துள்ள மங்கலான ஒளி இம்முறையால் வந்ததே. (சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைச் சமைத்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இவரிடம் ஓவியம் பயின்றவர். 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமை ஏற்று வங்கத்திலிருந்து தெற்கே வந்தவர். நாம் வந்த வழியில் எதிர்த்திசையில் சென்றவர் அவர்.)

நாமும் ஒருமுறை துணிந்து, நம் படம் ஒன்றை வாளி நீரில் அமிழ்த்திப் பார்த்தோம். மேலே படிந்திருந்த நிறமும் அதனைப் பிடித்திருந்த பிசினும் புகைபோல் பிரிந்து சென்றன. நெஞ்சு துணுக்குற்றது. ஆயினும் படம் போய்விடவில்லை. தாளின் இழைகளுக்குள் இறங்கிவிட்ட நிறம், வெளிறியதாயினும், அங்கேயே இருந்தது. அதனை அப்போது நிறுத்தி வைத்தது பிசின் மட்டும் அன்று. தாளே அதனை ஏற்றுக்கொண்டிருந்தது. தாள் ஏற்றுக்கொள்ளும் வரை நிறத்தைச் சிதறாமல் வைத்திருந்ததே பிசின் செய்த பணி என்று அன்று நமக்குத் தோன்றிற்று.

இம்மலரைப் படிக்கும் பெற்றோர் பலரின் மனத்திலுள்ள கவலை நமக்குத் தெரியும். அது நம் வீட்டிலும் இருந்தது. பிள்ளைகள் தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்கிறார்கள். தமிழ் அவர்களிடம் நிற்குமா என்று அஞ்சுகிறோம். அச்சத்தால் பிசினைக் கூட்டுகிறோம். நம் மகளை ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்கு விடாமல் அனுப்பினோம், மனப்பாடம் செய்வித்தோம், மேடையில் ஏற்றினோம், வேற்றுமொழியில் விடை சொன்னால் காதில் விழாதது போல் இருந்தோம். ஆண்டுவிழாவில் அவள் பேச்சு மின்னியது உண்மை. பதினான்காம் வயதில் இனி வரமாட்டேன் என்று சொன்னவள், அதன்பின் வரவே இல்லை. நாம் வருந்தினோம், சினந்தோம், மற்றப் பெற்றோர்முன் நாணவும் செய்தோம். ஆற்றின் நீலம் உதிர்ந்து கிடந்த அந்தச் சுருளை அவ்வருத்தத்தோடு சேர்த்துப் பார்க்க நமக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

இன்று அவள் வேறொரு மாநிலத்தில் குடும்பம் நடத்துகிறாள். தொலைபேசியில் பேசும்போது பாதிச் சொற்கள் தமிழாக இரா. சென்ற ஆண்டு அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு காலையில் வாயிலில் நின்று அவள் சலவைத் துணிகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தாள். சலவைக்காரரோடு பேசியது அவ்வூர் மொழியில். எண்ணியது தமக்குள், மெல்லிய குரலில்: ஒன்று, இரண்டு, மூன்று என்று, தமிழில். வகுப்பில் படித்ததோ என்று கேட்டோம். அவள் சிரித்தாள். பழைய வாடகை வீட்டில் இருபத்திரண்டு படிகள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பாட்டி நாள்தோறும் எண்ணிக்கொண்டே ஏறுவார்.