இயற்பியல் படிக்கப் போகிறேன் என்னும் பிள்ளைக்கு

1907-ல் சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்தபோது அவருக்கு வயது 18. ஆராய்ச்சியை நம்பிக் குடும்பம் நடத்த அன்றைய இந்தியாவில் வழியில்லை. நிதித்துறைத் தேர்வில் தேறி, கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காயர் ஆனார். அலுவலகம் போகும் முன்பும் வேலை முடிந்த பின்பும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடமே கதி என்று கிடந்தார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள், ஆய்வை விடவில்லை. 1917-ல் அந்த வேலையை உதறிவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார்.

இதைத் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்தப் பத்து வருடம். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துக் களைத்த பிறகும் தன் கால் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகும் என்பது வேலையை விடும்போது ராமனுக்கு ஐயமறத் தெரிந்திருந்தது. பிளஸ் டூ முடிவு வந்த மே மாதத்தில் “பிசிக்ஸ் எடுக்கவா?” என்று கேட்கும் மாணவரிடம் தன்னைப் பற்றிய அந்தச் சான்று இருக்காது. அதைத் தேடிச் சேர்ப்பதுதான் முதல் வேலை.

கருந்துளை பற்றிய காணொளியில் மனம் லயிப்பது நல்ல தொடக்கம். ஆனால் பலர் பல வருடம் உழைத்துக் கண்ட முடிவைத்தான் அது பத்து நிமிடத்தில் காட்டுகிறது. பொதுத்தேர்வில் வாங்கிய நூற்றுக்கு நூறும் போதாது. பாடப்புத்தகக் கேள்விகளைப் பிழையில்லாமல் எழுதும் உழைப்பு உங்களிடம் இருக்கிறது என்று அது சொல்லும். விடை எங்கும் அச்சாகாத கேள்வியோடு உங்களால் உட்கார முடியுமா என்று சொல்லாது. ஹாலிடே-ரெஸ்னிக் புத்தகத்திலோ இரோடோவ் தொகுப்பிலோ கடினமான கணக்கு ஒன்றை எடுங்கள். யாரையும் கேட்காமல் இரண்டு நாள் அதோடு போராடுங்கள். விடை வந்ததா என்பதைவிட, மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது அந்தக் கணக்கு தானாக மனத்துக்கு வந்ததா என்று பாருங்கள். உராய்வை நீக்கிப் பார்ப்போமா, படத்தை வேறு மாதிரி வரைவோமா என்று கை பரபரத்ததா? ஆம் என்றால் மேலே போகலாம்.

இந்தத் தொழிலின் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் லைகோவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வெளியையே நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலையைப் பிடிக்க அமைத்த ஆய்வகம் அது. நான்கு கிலோமீட்டர் நீளக் குழாய்கள், அவற்றின் கோடியில் கண்ணாடிகள். அலை கடக்கும்போது அந்த நீளம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட மாறாது. அதை அளக்க வேண்டும். 2002 முதல் 2010 வரை தரவு எடுத்தார்கள். ஓர் அலைகூடச் சிக்கவில்லை. அந்த வருடங்களிலும் அங்கே மாணவர்கள் பிஎச்.டி. செய்துகொண்டுதான் இருந்தார்கள். லாரி போகும் அதிர்வு, கடலலை நிலத்தில் எழுப்பும் நடுக்கம், லேசரின் இரைச்சல் என்று ஒவ்வொன்றாகத் தரவிலிருந்து பிரித்தறிவது அன்றாட வேலை. பார்க்க வந்ததைப் பார்க்காமலே பட்டம் வாங்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். கருவியை மேம்படுத்திய பிறகு, 2015 செப்டம்பர் 14 அன்று முதல் அலை பதிவானது. அடுத்த ஆண்டு வந்த கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். இரைச்சலோடு மல்லுக்கட்டிய வருடங்கள் இல்லாவிட்டால் அந்த அலையை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கோட்பாட்டு இயற்பியலிலும் நிலைமை இதுவே: தொலைந்த ஒரு கழித்தல் குறியைத் தேடி வாரக்கணக்கில் தாள்களைப் புரட்ட வேண்டியிருக்கும். கண்டுபிடிப்பின் நாள் வராமலே போனாலும் இந்த வேலை எனக்குப் பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

இனி வருடக் கணக்கு. பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் சேர்ந்து ஐந்து வருடம். ஐசர், நைசர் போன்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்களில் ஒரே படிப்பாகவே ஐந்து. பிஎச்.டி.க்கு இன்னும் ஐந்தாறு. அதன்பின் ஓரிரு இடங்களில், பெரும்பாலும் வெளிநாட்டில், போஸ்ட்டாக் என்னும் தற்காலிக ஆய்வுப் பணி. நிரந்தர வேலை அமைந்தால், அப்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். பொறியியல் படித்த தோழன் அதற்குள் வீட்டுக் கடனில் பாதியை அடைத்திருப்பான். நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஒருவர் வயிற்றைக் கழுவப் போதும். ஊரில் ஒரு குடும்பத்தைத் தாங்க இழுபறிதான். இதே வருடங்களில்தான் கல்யாணப் பேச்சும் குழந்தைப் பேச்சும் வருகின்றன. பெண்களுக்கு இந்த நெருக்கடி இரட்டிப்பு என்பதை மறைத்துவிட்டு அறிவுரை சொல்வது அநியாயம்.

அதனால் முடிவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி. வரை படிப்பது ஒன்று. பிஎச்.டி.க்குப் போவது வேறு. அந்த இரண்டாம் முடிவைப் பதினேழு வயதில் எடுக்கத் தேவையில்லை. எம்.எஸ்சி.யோடு நின்றாலும் வழிகள் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்குத் தேர்வானால் ஒரு வருடப் பயிற்சிக்குப் பின் அறிவியல் அலுவலர் வேலை. புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலர்கள் தேவை; அதற்குத் தனிப் படிப்பும் பயிற்சியும் உண்டு. ஆசிரியர் பணி இருக்கவே இருக்கிறது. ஆனால் நிரல் எழுதத் தெரியாமல், கருவியைத் தொடாமல், நோட்ஸ் மட்டும் படித்து வாங்கிய பட்டம் இவை எதற்கும் அதிகம் உதவாது. கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அதன் ஆய்வுக்கூடத்தைப் போய்ப் பாருங்கள்.

வீட்டில் ஒரு சம்பளத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்றால், பொறியியலில் சேர்வது இயற்பியலைக் கைவிடுவதாகாது. பிஎச்.டி. சேர்க்கைக்கான ஜெஸ்ட் நுழைவுத்தேர்வு எழுதிப் பொறியியல் பட்டதாரிகள் இயற்பியல் ஆராய்ச்சிக்கு வருவது இன்றும் நடக்கிறது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலர் எஸ். சந்திரசேகர் அரசுப் பணிக்குப் போக வேண்டும் என்று அவருடைய அப்பா விரும்பினார். மகன் தன் மனம் போல் அறிவியல் படிக்கட்டும் என்று துணை நின்றவர் அம்மா சீதாலட்சுமி. நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். 1930-ல் மகன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது அம்மா நோயுற்றிருந்தார். அடுத்த ஆண்டு காலமானார். உங்கள் பிள்ளைக்கு நோபல் கிடைக்கும் என்று சொல்ல இதை எழுதவில்லை. பிடித்த வேலையைச் செய்ய வீட்டில் ஒருவராவது சரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

விண்ணப்பம் போடும் முன், ஆராய்ச்சியில் மூன்றாம் வருடத்தில் இருக்கும் மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். போன வாரம் என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் வாரத்தை நீங்களும் வாழ விரும்பினால் சேர்ந்துவிடுங்கள்.