உவர் நிலத்து நெல்லும் உண்பவன் கடனும்

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியை அறியாத தமிழ்ப் பௌத்தர் இலர். அவளுக்கு முன் அப்பாத்திரத்தை ஏந்திய ஆபுத்திரனை நினைப்போர் சிலரே. பன்னீராண்டு வற்கடம் நீங்கிப் பாண்டிநாட்டில் மழை பொழிந்து வயல்கள் விளைந்தபோது, அவனிடம் சோறு கேட்டு வருவார் ஒருவருமில்லை. பின்னர் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்ட அவன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உயிர் துறந்தான். காவியம் இதனை அவனது துயரமாகச் சொல்கிறது. எமக்கோ, வயல் விளைந்ததனால் பாத்திரம் வேண்டாததாயிற்று என்பது நற்செய்தியாகவே படுகிறது. ஈகையைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம். ஈயப்படும் சோற்றை விளைத்த நிலத்துக்கு உண்பவன் கடன்பட்டவனா என்று கேட்பது அரிதாகவே உள்ளது.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கொச்சியைக் காட்டிலும் பொருத்தமான இடம் எளிதிற் கிடையாது. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு, சுக்கு மண்டிகளோடு அரிசி மண்டிகளும் நெடுங்காலமாக நடந்து வந்தன. கொச்சி நாடு உண்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. மலிவாகவும் வந்தது. 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர், கப்பல்கள் நின்றன. கையில் பணம் இருந்தவனுக்கும் அரிசி எளிதிற் கிட்டாத நிலை வந்தது. ஏழைகள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. அன்று பர்மா அரிசி உண்டோர், இன்று ஆந்திரம், பஞ்சாப், தமிழ்நாடு ஆகியவற்றின் அரிசியை உண்கின்றனர். வழி மாறியதேயன்றி, பிறர் விளைவை நம்பியிருக்கும் நிலைமை மாறவில்லை.

ஆயினும் அந்நகரைச் சூழ்ந்துள்ள செல்லானம், கும்பளங்கி, கடமக்குடி, ஏழிக்கரை முதலிய ஊர்களில், கடல்நீர் ஏறியிறங்கும் தாழ்ந்த நிலங்களில், ‘பொக்காளி’ என்னும் நெல் தொன்றுதொட்டு விளைந்து வருகிறது. அதன் முறை அறியத்தக்கது. சித்திரை அளவில் வயலின் உவர்நீரை வடித்து, வரப்பையும் மதகையும் செப்பனிட்டு, சேற்றைச் சிறு மேடுகளாகக் கூட்டிக் காய விடுவர். தென்மேற்குப் பருவமழை அம்மேடுகளின் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். அதன்பின் முளை கட்டிய விதையை மேட்டின் தலையில் விதைப்பர். நாற்று ஒரு முழத்துக்குக் குறையாமல் வளர்ந்ததும் மேட்டைத் துண்டு துண்டாக வெட்டி, மண்ணோடு வயலெங்கும் பரப்புவர். எருவும் இல்லை, பூச்சி மருந்தும் இல்லை. நெற்பயிர் நீருக்கு மேல் தலைநீட்டி நெடிது வளரும். ஐப்பசியில் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் அரிந்தெடுப்பர். தாள் நீரிலேயே நின்று அழுகும். அப்போது மதகைத் திறந்து கடல்நீரை விட, அதனோடு வரும் இறாற்குஞ்சுகளுக்கு அவ்வழுகல் இரையாகும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும். ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் என்று நாம் நூலில் கற்பதை, அச்சேற்றில் நிற்பவர் கண்ணாற் காண்கின்றனர்.

இறாலுக்கு விலை மிகுதி; நெல்லுக்குக் குறைவு. எனவே ஆண்டு முழுவதும் உவர்நீரைத் தேக்கி மீனும் இறாலுமே வளர்க்க விரும்பும் நிலவுடையார் பலர். ‘ஒரு நெல், ஒரு மீன்’ என்பது அரசின் கொள்கை. 2008ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் நெல்வயலைத் தூர்ப்பதையும் தடுக்கிறது. இருந்தும் பொக்காளி விளையும் பரப்பு முன்னிருந்ததில் ஒரு சிறு பகுதியாகக் குறுகிவிட்டது. தேங்கிய உப்புநீர் வீட்டுச் சுவரிலும் கிணற்றிலும் ஏறுகிறதென அயலார் முறையிட்டதும் உண்டு. “என் நிலம், என் இலாபம்” என்பானுக்கு நாம் கூறும் விடை யாது? அவன் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவுமில்லை. ஆனால் மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவன் ஒருவனது செயலாயினும், உப்பு அவன் வரப்போடு நிற்பதில்லை. பலரைத் தீண்டும் செயலை ஒருவனுடைய உரிமையாக மட்டும் கருதவியலாது.

இனி, நம்மவர் சிலர் வேறொரு தடை எழுப்புவர்: இறாலைக் கொல்லும் தொழிலைப் பௌத்தர் புகழலாமா? நேரிய வினாவே இது. கொல்லாமை என்னும் சீலத்தை யாம் தளர்த்திக் கூறமாட்டோம். எனினும், நஞ்சு தெளித்துப் பெற்ற அரிசியை உண்டுகொண்டு, தூய உணவு உண்டோமென எண்ணுவோர் அவ்வயலில் மடிந்த மீனையும் தவளையையும் புழுவையும் கணக்கிட்டாரா? கொலையற்ற வயல் உலகில் எங்குளது என யாம் அறியோம். ஊறு குறைந்த வயலைத் தேர்தலே நம்மால் இயல்வது.

கூடதந்தன் என்னும் அந்தணனுக்குப் பகவான் உரைத்த கதையில், பெருவேள்வி செய்யக் கருதிய மகாவிஜித மன்னனை அவனுடைய புரோகிதன் தடுக்கிறான். நாட்டில் கள்வர் மிகுந்துளர். தண்டனையால் அது தீராது. உழுபவனுக்கு விதையும் கால்நடைக்குத் தீவனமும் கொடு என்கிறான். சோறு கொடு என்னாமல் விதை கொடு என்றதை உற்று நோக்குக.

பொக்காளியின் விதை கொச்சிக்கு மட்டும் உரியதன்று. உப்பைத் தாங்கும் அதன் இயல்புக்குக் காரணமான மரபுக்கூறுகளுள் ஒன்றை அறிஞர் கண்டறிந்து ‘சால்டால்’ எனப் பெயரிட்டு, பிற நெல்வகைகளில் ஏற்றியுள்ளனர். கடல்மட்டம் உயர்ந்துவரும் இந்நாளில், கடலோரத்தில் நெல் விளைக்கும் வங்கதேசம் போன்ற நாடுகளுக்கு அது இன்றியமையாதது. கொச்சி நகரின் வைற்றிலையிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் இவ்வகைகளைப் பேணி வருகிறது. ஆராய்ச்சிசாலையில் விதை பிழைத்திருக்கும். மேடு கட்டும் கையும், மதகின் காலமறிந்த கண்ணும் அங்கே பிழைத்திரா.

அக்கைகளுக்கு உரியோர் யார்? பெரும்பாலும் முதிய பெண்கள். உவர்நீரில் நாள் முழுதும் நிற்கும் அவ்வேலைக்கு அவர்தம் மக்கள் வர மறுப்பதை யாம் குறை கூறோம். பிறருடைய உழைப்பைக் கொண்டு நாம் அறம் காப்பது அழகன்று. பொக்காளி அரிசிக்கு ஒரு படிக்குச் சில காசு கூடுதலாகக் கேட்கும்போது மட்டாஞ்சேரியிலும் சென்னையிலும் உள்ள நாம் முகம் சுளிக்கிறோம். நீரில் நிற்பவளின் கூலி அக்காசிலிருந்தே வரவேண்டியிருக்கிறது.