வெற்றி யார் பேரில்?

1975 மே முதல் தேதி காலை, காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஒரு டீக்கடையில் நாங்கள் ஐந்தாறு பேர் பேப்பர் கட்டு வருவதற்காகக் காத்திருந்தோம். சைகோன் விழுந்துவிட்டது என்று முந்தைய இரவே ரேடியோவில் கேட்டாயிற்று. இருந்தாலும் அச்சில் பார்க்கவேண்டும் என்று ஆசை. எங்களில் ஒருவன் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக்கொடுத்தான். 'ஜெயித்துவிட்டோம்' என்றுதான் பேசிக்கொண்டோம். தன்மைப் பன்மையில்.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சைகோனில் செட்டியார் ஒருவரின் கிட்டங்கியில் கணக்கெழுதிவிட்டு ஐம்பதுகளின் கடைசியில் ஊர் திரும்பியவர். டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "ஜெயிச்சாச்சுங்கிறீக, சரி. வரவு யார் பேர்ல தம்பி எழுதுறது?"

"வியட்நாம் மக்கள் பேர்ல" என்றான் டீ வாங்கிக்கொடுத்தவன்.

"மக்கள்னு பேரேட்டுல பேரு கெடையாதே" என்றார் அவர். நாங்கள் சிரித்தோம். வட்டிக்கடைப் புத்தி என்று அவர் எழுந்து போன பிறகு யாரோ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அது நானாகவும் இருக்கலாம்.

2025 ஏப்ரலில், அந்த நாளின் ஐம்பதாவது வருஷத்தில், வியட்நாமில் உண்மையாக வென்றது யார் என்ற சர்ச்சை மீண்டும் ஒரு சுற்று நடந்தது. கேட்டுப் பழகிய பதில்கள்தான். அவற்றில் எதுவும் அந்தக் கணக்குப்பிள்ளையின் கேள்விக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று எனக்குப் படுகிறது. ஆகவே இதை எழுதுகிறேன்.

முதல் பதில் நேரானது. அரண்மனைக் கதவை டாங்கி உடைத்தது, துவாங் வான் மின் சரணடைந்தார், வென்றது ஹனோய். இரண்டாவது, அமெரிக்க ராணுவத்தாருடையது: களத்தில் நாங்கள் தோற்கவே இல்லை, வாஷிங்டனில்தான் தோற்கடிக்கப்பட்டோம். சைகோன் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு ஹனோயில் ஹாரி சம்மர்ஸ் என்ற அமெரிக்க கர்னல் இதை ஒரு வியட்நாமிய கர்னலிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம், ஆனால் அதற்கும் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவர் பதில் சொன்னதாக சம்மர்ஸே பதிவு செய்திருக்கிறார். மூன்றாவது பதில் பின்னால் முளைத்தது: 1986இல் 'தொய் மொய்' என்ற பெயரில் சந்தை திறந்தது, 1994இல் அமெரிக்கத் தடை விலகியது, 1995இல் தூதரக உறவு வந்தது, இன்று ஹோசிமின் நகரைச் சுற்றிய தொழிற்சாலைகளில் அமெரிக்கக் கம்பெனிகளுக்குச் செருப்பும் சட்டையும் தைக்கிறார்கள், ஆகவே கடைசியில் வென்றது அமெரிக்காதான்.

கணக்கெழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும். லாபமா நஷ்டமா என்பது ஐந்தொகையை எந்தத் தேதியில் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 1968 டெட் பண்டிகைத் தாக்குதலைக் களத்தோடு முடித்தால் கம்யூனிஸ்டுகளுக்குப் பெரிய நஷ்டம். அதே கணக்கை இரண்டு மாதம் தள்ளி, ஜான்சன் மீண்டும் தேர்தலில் நிற்கமாட்டேன் என்று அறிவித்த மார்ச் 31இல் முடித்தால் நஷ்டம் இடம் மாறிவிடுகிறது. 1973 ஜனவரி 27 பாரிஸ் ஒப்பந்தத்தில் நிறுத்தினால், கௌரவமான சமாதானம் என்று நிக்ஸன் சொன்னதை நம்பலாம். அந்த வருஷ நோபல் பரிசு கிஸிஞ்ஜருக்கும் லே டுக் தோவுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்டபோது, சமாதானம் இன்னும் வரவில்லை என்று சொல்லி லே டுக் தோ வாங்க மறுத்தார். கணக்கை முடிக்கும் தேதியைத் தானே வைத்துக்கொள்ளும் பிடிவாதம் அது. 1979இல் சீனா எல்லை தாண்டி வந்து ஒரு மாதத்தில் திரும்பிப் போனபோது இரண்டு பக்கமும் வென்றதாக அறிவித்தன. தேதியைத் தேர்ந்துகொண்டால் வென்றவர் தானாக வருகிறார். சர்ச்சை செய்கிறவர்கள் பெரும்பாலும் வென்றவரை முதலில் தேர்ந்துகொண்டு பிறகு தேதியைத் தேடுகிறார்கள்.

நான்காவது பதில் ஒன்று உண்டு. எழுதுகிறவர்களுக்குப் பிரியமானது. யுத்தத்தில் யாரும் வெல்வதில்லை என்பது. வெகுகாலம் நானும் அதில்தான் குடியிருந்தேன். சௌகரியமான வீடு. உயரமாகவும் இருக்கிறது, யாரோடும் சண்டை போடவும் வேண்டியதில்லை. ஆனால் அது பொய். 1972 டிசம்பரில் ஹனோயின் மீது பி-52 விமானங்கள் குண்டு போட்டன. வாஷிங்டன் மீது யாரும் போடவில்லை. பிரெஞ்சுக்காரனுக்கும் பிறகு அமெரிக்கனுக்கும் அந்த மண்ணில் இருக்க நியாயம் இல்லை. அவர்கள் போக மறுத்தார்கள், போகவைக்கப்பட்டார்கள். இது நடந்தது. குண்டு போட்டவனையும் குண்டுக்குக் கீழே இருந்தவளையும் ஒரே பெருமூச்சில் சமமாக்குவது மனிதாபிமானம் ஆகாது. அது தூரத்தில் இருப்பவனின் அலுப்பு. வெற்றி என்ற ஒன்று அங்கே நிகழ்ந்தது என்பதை நான் இப்போதும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. வெற்றி நிகழ்ந்தது சரி. வென்றவரைத் தேடிப் போனால் ஆள் அகப்படமாட்டேன் என்கிறார்.

துவாங் து ஹுவாங் என்ற பெண். இருபது வயதில் தானாக முன்வந்து, குண்டுகள் மிகுதியாக விழுந்த பகுதிக்கு, போர்வீரர்களுக்குப் பாடும் இளைஞர் குழுவோடு போனவர். நாற்பது பேர் போன குழுவில் மிஞ்சியது மூவர் என்கிறார்கள். அவர் அதில் ஒருவர். 1975இல் வென்றவர்களில் ஒருவராக சைகோனுக்குள் வருகிறார். புத்தகக் கடைகளைப் பார்க்கிறார். தன் பக்கத்தில் தடை செய்யப்பட்டிருந்த எழுத்தாளர்களின் புத்தகங்கள் தாராளமாக விற்பனைக்கு இருக்கின்றன. தெருவோரம் உட்கார்ந்து அழுததாகப் பின்னால் சொன்னார். அவர் நாவலாசிரியர் ஆனார். 1990இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1991இல் விசாரணை இல்லாமல் ஏழு மாதம் சிறையில் இருந்தார். வரவை இவர் பேரில் எழுதலாமா?

ட்ருவாங் நு டாங். தெற்கின் தற்காலிகப் புரட்சி அரசாங்கத்தில் நீதி மந்திரி. காட்டில் இருந்து போராடியவர். தெற்குக்கென்று வென்ற அந்த அரசாங்கம் 1976 இணைப்போடு மறைந்துபோயிற்று. 1978இல் இவர் படகேறித் தப்பினார். வென்ற அரசின் நீதி மந்திரியே தப்பி ஓடும் படகில் ஓர் இடத்துக்கு அலைந்திருக்கிறார் என்பதை, வெற்றி பற்றிப் பேசுகிறவர்கள் ஒருமுறையாவது நிதானமாக யோசிக்கவேண்டும்.

பாவோ நின்னும் வென்ற படையின் சிப்பாய்தான். 1969இல் 500 பேராகப் புறப்பட்ட படைப்பிரிவில் மீண்டவர் பத்துப் பேர் என்று அவருடைய புத்தகக் குறிப்புகள் சொல்கின்றன. அவர் எழுதிய நாவலில் யுத்தத்துக்குப் பிறகு செய்கிற வேலை, காட்டில் சக வீரர்களின் எலும்புகளைப் பொறுக்குவது. வெற்றிக்கு விலை கொடுத்த மீதி 490 பேர் பேரேட்டில் ஒப்பம் வைக்க வரமாட்டார்கள்.

1995இல் வியட்நாம் அரசு தன் தரப்பு வீரர்களில் இறந்தவர் 11 லட்சம் என்றும், இரு பகுதிகளிலும் இறந்த பொதுமக்கள் சுமார் 20 லட்சம் என்றும் அறிவித்தது. வாஷிங்டனில் 1982இல் எழுப்பிய கறுப்புக்கல் சுவரில் 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கப் பெயர்கள், விழுந்த தேதி வரிசையில் வெட்டப்பட்டிருக்கின்றன. அதுவும் ஒரு பேரேடுதான். அதில் ஒரு வியட்நாமியப் பெயர் இல்லை, அமெரிக்காவை நம்பி அதன் பக்கத்தில் நின்று செத்தவனுடையதுகூட. தென்வியட்நாம் ராணுவத்தின் இந்தச் சாவுகளை எழுதிவைக்க அவனுடைய அரசே இல்லாமல் போயிற்று. சைகோனுக்கு அருகே பியென் ஹோவாவில் அவர்களுடைய கல்லறைகள் சுமார் 16,000 இருக்கின்றன. வாசலில் துக்கத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு சிப்பாயின் சிலை 1975க்குப் பிறகு அகற்றப்பட்டது. மயானம் 2006 வரை ராணுவத்தின் கையில் இருந்தது. செத்தவர்களைக் காவல் காக்க ஒரு ராணுவம் வேண்டியிருந்தது. இதைப் படிக்கிறவர் மனதில் வேறொரு நிலமும் வேறு கல்லறைகளும் எழும் என்று தெரியும். எழட்டும்.

வீட்டுக்கு வெளியே, புதைக்க ஆளில்லாமல் செத்தவனின் ஆவி பசியோடு அலையும் என்பது வியட்நாமியர் நம்பிக்கை. ஏழாம் மாதப் பௌர்ணமியில் கஞ்சியும் உப்பும் அரிசியும் வெளியே வைக்கிறார்கள். வருகிற ஆவி எந்தப் படையில் இருந்தது என்று அந்தக் கஞ்சி கேட்பதில்லை. ஒரே தாயின் பிள்ளைகள் இரண்டு படைகளிலும் செத்த வீடுகள் தெற்கில் அநேகம். சுவரில் அரசாங்கம் தந்த தியாகிப் பத்திரத்தோடு ஒரு மகன் படம் மாட்டப்பட்டிருக்கும். இன்னொரு மகனின் படத்தை மாட்ட வெகுகாலம் பயம். அந்தத் தாயிடம் போய் யார் வென்றது என்று கேட்கிற தைரியம் இந்தச் சர்ச்சைக்காரர்களில் யாருக்கு உண்டு?

ஒரே ஒரு பொறுப்பாளர் இதற்குக் கிட்டத்தில் வந்தார். வோ வான் கியெட், முன்னாள் பிரதமர். 1966இல் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அமெரிக்கத் தாக்குதலில் பறிகொடுத்தவர். அந்த ஏப்ரல் நாள் வரும்போது லட்சோபலட்சம் பேர் மகிழ்கிறார்கள், லட்சோபலட்சம் பேர் வருந்துகிறார்கள் என்று 2005இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். பியென் ஹோவா மயானம் மறு வருஷம் ராணுவத்தின் கையை விட்டுப் போனது. வெற்றியை அவர் மறுக்கவில்லை. அதோடு சேர்ந்து வந்ததையும் தன் பேரில் எழுதிக்கொண்டார்.

இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. வெற்றியை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் செத்தவர்கள். இருப்பவர்கள் வாரிசுகள். வாரிசு என்றால் நம் ஊர் வழக்கில் சொத்தோடு கடனையும் ஏற்கிறவன். கடனை மறுத்துச் சொத்தை மட்டும் கேட்கிறவனுக்குப் பஞ்சாயத்தில் வேறு பெயர். வென்றது நாங்கள் என்று சொல்கிற கட்சி, முகாம்களில் சில பேரை 15 வருஷத்துக்கு மேலும் அடைத்துவைத்ததையும், கடலில் இறங்கியவர்களையும் அதே பக்கத்தில் பற்று எழுதவேண்டும். கடைசியில் வென்றது சந்தைதான் என்று குதூகலிக்கிறவன் மை லாயையும் ஏஜென்ட் ஆரஞ்சையும் தன் பேரில் வாங்கிக்கொள்ளட்டும். அப்புறம் பேசலாம். யார் வென்றது என்பதற்குச் சரித்திரத்தில் பதில் தேடிப் பிரயோஜனமில்லை. உரிமை கோருகிறவனிடம் திருப்பிக் கேட்கவேண்டிய கேள்வி அது.

உறையூர்க் கோட்டைக்கு உள்ளே ஒரு சோழன், வெளியே ஒரு சோழன் என்று நெடுங்கிள்ளியும் நலங்கிள்ளியும் நின்றபோது கோவூர்கிழார் நடுவில் போனார். யார் வெல்வார் என்று அவர் ஆரூடம் சொல்லவில்லை. யாரும் வெல்லமாட்டார் என்று தத்துவமும் பேசவில்லை. இரண்டு பேர் மாலையும் ஆத்தி என்று காட்டினார். தோற்பது யாரானாலும் தோற்பது உங்கள் குடி என்றார். வெல்பவன் பேரில் தோல்வியையும் முன்கூட்டியே எழுதிவைத்த கணக்கு அது. ஆனால் அவர் இரண்டு படைக்கும் நடுவில் நின்று பேசினார். நாங்கள் டீக்கடையில் இருந்தோம்.

என் பங்குக் கடனையும் சொல்லிவிடவேண்டும். 1979இல் படகு மனிதர்கள் பற்றிய செய்திகள் வந்துகொண்டிருந்தபோது, அன்று டீ வாங்கிக்கொடுத்த அதே நண்பன், இவர்கள் யார், ஏன் கடலில் குதிக்கிறார்கள் என்று கேட்டு எங்கள் சிறு பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினான். நான் பதில் எழுதினேன். போகிறவர்கள் பழைய வட்டிக்காரர்களும் அமெரிக்கர்களின் தரகர்களும், மற்றது சி.ஐ.ஏ. பிரசாரம் என்று. நன்றாகவே எழுதியிருந்தேன், பலர் பாராட்டினார்கள். அவனோடு பேச்சு நின்றது. பிறகு 1995 வரையிலான கணக்கில் படகில் கரை சேர்ந்தவர்கள் மட்டும் கிட்டத்தட்ட 8 லட்சம் என்று தெரிந்தது. இத்தனை தரகர்கள் ஒரு தேசத்தில் இருக்கமுடியாது. அதை அவனிடம் போய்ச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தள்ளிப்போட்டேன். அவன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சண்டையில் வென்றது நான் என்றுதான் அன்றைய வாசகர்கள் நினைத்தார்கள்.

அந்தக் கணக்குப்பிள்ளையை 1975க்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். பழைய விஷயத்தை எடுத்து, பேர் தெரியாத வரவு வந்தால் நிஜமாகவே என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். என்னவோ நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்: "அனாமத்துல வைக்கணும் தம்பி. உரியவுக வர்ற வரைக்கும் அதுலேருந்து ஒரு சல்லி எடுக்கக் கூடாது."