புடமும் பொன்னும்

லோசான் நகரின் பொலியூ அரங்கில் மேடை பார்வையாளரை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். நுனிக்காலில் சுழலும் பாலே கலைஞருக்கு அந்தச் சிறு சரிவே பெரிய சோதனை. இளம் கலைஞர்களுக்காக 1973இல் அந்நகரில் தொடங்கிய போட்டியில், 1990ஆம் ஆண்டு தங்கப் பதக்கம் வென்றார் கார்லோஸ் அகோஸ்டா. வயது 16. ஹவானாவின் ஏழைக் குடியிருப்பொன்றில், லாரி ஓட்டுநரின் 11ஆவது பிள்ளையாகப் பிறந்தவர். இப்படி ஒரு வாழ்க்கையைக் கேட்டதும் 'துன்பம்தான் அவரைப் புடம் போட்டது' என்கிறோம். துன்பத்துக்கு ஒரு புனிதமும் கொடுத்துவிடுகிறோம். இது எனக்கு ஒப்பவில்லை. நெருப்பில் ஒளி கூடும் பொன்னை வள்ளுவர் உவமையாக்கியது தவம் என்ற அதிகாரத்தில். அது தானே விரும்பி நோற்பவருக்கான பேச்சு. பசியை எந்தக் குழந்தையும் விரும்பி ஏற்பதில்லை. அதே தெருவில் அதே வறுமையில் வளர்ந்த மற்றப் பிள்ளைகளை அந்த நெருப்பு ஏன் பொன்னாக்கவில்லை?

தந்தையின் கண்டிப்புதானே அவரை உயர்த்தியது என்று கேட்கலாம். கால்பந்து வீரனாக ஆசைப்பட்ட பையனைப் பாலே பள்ளியில் வலிந்து சேர்த்தவர் அவர்தான்; ஒழுங்கும் வரும், மதியச் சாப்பாடும் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் கட்டாயம் பள்ளி வாசல்வரைதான் இழுத்துச் சென்றது. பையன் வகுப்புக்கு மட்டம் போட்டான், பள்ளியை விட்டு நீக்கப்பட்டான். பிறகு வேறு ஊரான பினார் தெல் ரியோவின் பள்ளியில் சேர்ந்து, அங்கே கியூப தேசிய பாலே குழுவின் நடனத்தைப் பார்த்தபோதுதான், அந்தரத்தில் எழும்பிய ஒரு கலைஞரைக் கண்டு, தானும் அப்படி ஆக வேண்டுமென்ற வேட்கை அவனுக்குள் பிறந்தது. அடியும் அதட்டலும் தராததை ஒரு துள்ளல் தந்தது.

அப்படியானால் எல்லாம் ஊழ்தானே என்பார் இன்னொருவர். உடல்வாகும் தாளம் பிடிக்கும் காலும் பிறவியில் வந்தவை. அவற்றை ஊழ் என்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் கட்டணமில்லாத பள்ளியை ஒரு நாடு நடத்தியதும், நீக்கப்பட்டவனுக்கு வேறு ஊர்ப் பள்ளி இடம் கொடுத்ததும், ரமோனா தெ சா என்ற ஆசிரியை அவனை வளர்த்தெடுத்ததும் மனிதர் செய்த முடிவுகள். வேறு மாதிரியும் முடிவெடுத்திருக்கலாம் அவர்கள். ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஒன்று வகுத்தார். அந்த ஆள்வினையில் பிறர் செய்ததும் சேரும் என்பேன். லண்டன் ராயல் பாலேயில் 17 ஆண்டுகள் ஆடிப் புகழடைந்த பின், அகோஸ்டா ஹவானாவில் இளைஞர்களுக்காகத் தொடங்கியது கட்டணமில்லாத ஒரு நடனப் பள்ளி.